இடிபாடு என்னும் சட்ட வகைமை: மவுண்ட் ரோடு பாரத் இன்சூரன்ஸ் கட்டடமும் இடிப்பு முயற்சியும்

ஆய்வுச்சுருக்கம்

சென்னை அண்ணா சாலையில் 1897இல் கட்டி முடிக்கப்பட்ட கார்டைல் கட்டடம், பிற்காலத்தில் பாரத் இன்சூரன்ஸ் கட்டடம் எனப் பெயர் பெற்றது. பாதுகாப்பற்றது என்னும் காரணத்தைக் கூறி 2006இல் அதை இடிக்க மேற்கொள்ளப்பட்ட முயற்சியும் அதனை ஒட்டி எழுந்த வழக்கும் தமிழக நகர வரலாற்றில் தனித்த இடம் உடையவை. ஒரு கட்டடம் இடிபாடு ஆவது காலத்தின் செயலால் மட்டுமன்று. உடைமை, வாடகை, பராமரிப்பு ஆகியவை பற்றிய முடிவுகளும் அதனை இடிபாடாக்குகின்றன என்பதை இக்கட்டுரை இவ்வழக்கின் துணைகொண்டு விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: பாரத் இன்சூரன்ஸ் கட்டடம், மவுண்ட் ரோடு, அபாயகரமான கட்டடம், வாடகைக் கட்டுப்பாடு, மரபுக் கட்டடப் பாதுகாப்பு

நான்கு வினைகள்

1919ஆம் ஆண்டின் சென்னை மாநகராட்சிச் சட்டம் அபாயகரமான கட்டடங்களைப் பற்றி 258ஆம் பிரிவில் பேசியது. ஒரு கட்டடம் இடிந்த நிலையில் உள்ளது என்றோ, வழிச்செல்வோருக்கும் அண்டைக் கட்டடங்களில் இருப்போருக்கும் ஆபத்து விளைவிக்கும் என்றோ ஆணையர் கருதினால், அதன் உரிமையாளருக்கு அறிவிப்பு அனுப்ப முடிந்தது. அவ்வறிவிப்பின் வழி அவர் கோரக்கூடியவையாக இருந்தவை நான்கு: சுற்றி வேலியிடுதல், இடித்துத் தள்ளுதல், உறுதிப்படுத்துதல், பழுதுபார்த்தல். உடனடி நடவடிக்கை தேவைப்படின் ஆணையரே இவற்றைச் செய்து செலவை உரிமையாளரிடமிருந்து பெறவும் சட்டம் இடம் தந்தது.

இந்நான்கும் 'அல்லது' என்னும் சொல்லால் கோக்கப்பட்டவை. எதனை முதலில் முயல வேண்டும், எது இறுதி வழி என்னும் வரிசை சட்டத்தில் இருக்கவில்லை. ஆபத்து நீங்குவதே அதன் ஒரே நோக்கம். கட்டடம் எத்தகையது, யார் கட்டியது, அது ஏன் அந்நிலைக்கு வந்தது என்னும் வினாக்களுக்கு அப்பிரிவில் இடமிருக்கவில்லை. 1919இல் சட்டம் இயற்றியோருக்கு அவ்வினாக்கள் எழவேண்டிய தேவையும் இருக்கவில்லை. பிற்காலத்தில் மரபுக் கட்டடங்கள் எனப் போற்றப்பட்டவை பலவும் அன்று இருபது, முப்பது ஆண்டுகளே நிறைந்த புதுக்கட்டடங்களாக இருந்தன. கார்டைல் கட்டடத்திற்கு அப்போது வயது இருபத்திரண்டு.

வரிசை குறிக்கப்படாத இடத்தில், செலவும் ஆதாயமும் வரிசையை வகுத்துக்கொண்டன. பழுதுபார்ப்பதற்குப் பணம் வேண்டும். இடித்தாலோ மனை கிடைக்கும். பாரத் இன்சூரன்ஸ் கட்டடத்தின் வரலாற்றை இக்கோணத்தில் படிக்கலாம்.

கட்டடமும் கைமாற்றங்களும்

டபிள்யூ. இ. ஸ்மித் என்பவர் உதகமண்டலத்தில் மருந்துக்கடை தொடங்கிப் பின்னர் சென்னைக்கு வந்து தொழிலை விரிவாக்கியவர். மவுண்ட் ரோடும் ஜெனரல் பேட்டர்ஸ் சாலையும் சந்திக்கும் முனையில் தம் நிறுவனத்திற்காக அவர் எழுப்பிய மாளிகையே கார்டைல் கட்டடம். அதனை வடிவமைத்த ஜே. எச். ஸ்டீபன்ஸ், சென்னை உயர் நீதிமன்ற வளாகத்தின் கட்டுமானத்திலும் பங்குகொண்டவர். கோபுர முகப்புகள், வளைவுகள், தூண் வரிசையுள்ள தாழ்வாரங்கள், நூறடி உயரத்தை எட்டும் மினார்கள் ஆகியவற்றைக் கொண்ட இக்கட்டடம் இந்தோ-சாரசனிக் பாணியைச் சார்ந்தது. அப்பாணியின் பெருங்கட்டடங்களான உயர் நீதிமன்றம், செனட் மண்டபம், அருங்காட்சியகத் தொகுதி முதலியவை அரசோ பல்கலைக்கழகமோ கட்டியவை. தனியார் வணிகர் ஒருவர் மருந்தும் அறுவைக் கருவிகளும் விற்பதற்காக அதே பாணியைத் தேர்ந்தது கவனத்திற்குரியது. அரசின் கட்டடக்கலை கடைத்தெருவின் விளம்பர மொழியாக மாறியதற்கு இது நல்ல சான்று. கட்டட வரலாற்றில் இதன் சிறப்பு அழகைவிட இதில்தான் மிகுதி.

ஸ்மித் நிறுவனம் பின்னர் ஸ்பென்சர் நிறுவனத்தின் கைக்குச் சென்றது. 1934இல் பாரத் இன்சூரன்ஸ் நிறுவனம் கட்டடத்தை வாங்கியது. லாகூரில் லாலா ஹர்கிஷன் லால் தொடங்கிய அந்நிறுவனம், 1936இல் ராமகிருஷ்ண டால்மியாவின் கட்டுப்பாட்டிற்குள் வந்தது. அந்நிறுவனத்தின் நிதி முறைகேடாகப் பயன்படுத்தப்பட்டதைப் பெரோஸ் காந்தி 1955 டிசம்பரில் மக்களவையில் எடுத்துரைத்தார். டால்மியா பின்னர் சிறைத்தண்டனை பெற்றார். 1956 ஜனவரி 19 அன்று ஆயுள் காப்பீட்டுத் தொழில் அரசின் நிர்வாகத்திற்கு மாற்றப்பட்டது. அதே ஆண்டு செப்டம்பர் 1ஆம் நாள் தோன்றிய ஆயுள் காப்பீட்டுக் கழகம் (எல்.ஐ.சி.) 245 நிறுவனங்களின் சொத்துகளையும் பொறுப்புகளையும் ஒருங்கே பெற்றது. அச்சொத்துகளுள் ஒன்றாக மவுண்ட் ரோட்டுக் கட்டடமும் வந்து சேர்ந்தது.

அதே சாலையில் இன்னொரு கட்டடமும் இதே வழியில் எல்.ஐ.சி.யிடம் வந்தது. யுனைடெட் இந்தியா ஆயுள் காப்பீட்டு நிறுவனத்திற்காக எம்.சி.டி.எம். சிதம்பரம் செட்டியார் திட்டமிட்ட பதினான்கு மாடிக் கட்டடம், அவர் 1954இல் சிங்கப்பூர் விமான விபத்தில் இறந்தபின் கழகத்தின் உடைமையாகி, 1959 ஆகஸ்டில் திறக்கப்பட்டது. 177 அடி உயரமுள்ள அது நெடுங்காலம் நகரின் அடையாளமாக விளங்கியது. ஒரே நாட்டுடைமையாக்கம், ஒரே உரிமையாளர், ஒரே சாலை. ஆயினும் ஒன்று நிறுவனத்தின் முகமாயிற்று, மற்றொன்று வாடகைக்கு விடப்பட்ட பழஞ்சொத்தாக நின்றது. 1975 ஜூலையில் பதினான்கு மாடிக் கட்டடம் பெருந்தீக்கு இரையாகி உள்ளே பெரும்பகுதி எரிந்தது. அதனை இடிக்கவில்லை, பழுதுபார்த்து மீண்டும் பயன்படுத்தினர். அச்சேதத்திற்குப் பின்னரும் பழுதுபார்ப்பு இயலும் என்று கருதிய நிறுவனமே, முப்பது ஆண்டுகளுக்குப்பின் தன் மற்றொரு கட்டடத்தைப் பற்றி வேறு முடிவுக்கு வந்தது. இரண்டின் கட்டுமானப் பொருள்களும் வயதும் வேறுவேறு என்பது உண்மை. எனினும் அவ்வேறுபாடு ஒன்றே முழு விளக்கமாகாது.

வாடகைச் சட்டத்தின் நிழல்

விளக்கத்தின் மறுபகுதி வாடகைச் சட்டத்தில் உள்ளது. 1960ஆம் ஆண்டின் தமிழ்நாடு கட்டடங்கள் (குத்தகை மற்றும் வாடகைக் கட்டுப்பாடு) சட்டம் குடியிருப்போரை எளிதில் வெளியேற்றுவதைத் தடுத்தது. வாடகை உயர்வையும் கட்டுக்குள் வைத்தது. வெளியேற்றத்திற்கு அது அனுமதித்த வழிகளுள் இரண்டு 14ஆம் பிரிவில் அடுத்தடுத்து அமைந்தவை. பழுதுபார்ப்பதற்காகக் கட்டடம் காலியாக வேண்டும் என்றால், வேலை முடிந்ததும் அதைப் பழைய குடியிருப்போருக்கே திரும்ப அளிப்பதாக உரிமையாளர் உறுதி தரவேண்டும். இடித்துப் புதுக்கட்டடம் எழுப்புவதற்காகக் காலியாக வேண்டும் என்றால், ஒரு மாதத்திற்குள் இடிப்பைத் தொடங்கி மூன்று மாதத்திற்குள் முடிப்பதாக உறுதி தந்தால் போதும். முன்னதில் குடியிருப்போர் திரும்பி வருவர், பின்னதில் வருவதில்லை.

இச்சிறு வேறுபாடு சென்னையின் பழைய கடைத்தெருக்களில் விளைவித்த மாற்றம் இன்னும் விரிவாக ஆராயப்படவில்லை. பழுதுபார்த்தால் செலவு உரிமையாளருடையது, பயன் குறைந்த வாடகை செலுத்துபவருடையது. இடித்தால் மனை முழுமையாக விடுபடும். கட்டடத்தின் நலிவு, இவ்வாறு, உரிமையாளருக்கு இழப்பாக இராமல் உரிமையைப் பெற்றுத்தரும் சான்றாக மாறியது.

நீதிமன்றங்கள் இதனை உணராமல் இல்லை. மவுண்ட் ரோட்டிலேயே அமைந்த பி. ஆர் அண்ட் சன்ஸ் கடிகார நிறுவனத்திற்கும் அதன் கட்டட உரிமையாளரான நிறுவனத்திற்கும் இடையிலான வழக்கில் உச்ச நீதிமன்றம், இடிப்புக்காக வெளியேற்றம் கோரும்போது கட்டடத்தின் நிலையும் கருதப்பட வேண்டும் என்று கூறியது. 1996இல் விஜய்சிங் எதிர் விஜயலட்சுமி அம்மாள் வழக்கில் அந்நிலைப்பாடு தெளிவாக்கப்பட்டது: உரிமையாளரின் நல்நோக்கம், கட்டடத்தின் வயதும் நிலையும், புதிதாகக் கட்டுவதற்கான அவரது நிதித்திறன் ஆகியவற்றைச் சேர்த்து நோக்க வேண்டும்; கட்டடம் உடனே இடிந்து விழும் நிலையில் இருந்தே ஆகவேண்டும் என்பதில்லை. நிலை கேட்கப்பட்டது. ஆனால் அந்நிலைக்குக் காரணம் யார் என்பது கேட்கப்படவில்லை.

எல்.ஐ.சி. போன்ற பொதுத்துறை நிறுவனங்களின் கட்டடங்களுக்கு வேறொரு வழியும் இருந்தது. பொதுக் கட்டடங்களில் உரிமையின்றி இருப்போரை வெளியேற்றும் 1971ஆம் ஆண்டு மத்தியச் சட்டம் மாநில வாடகைச் சட்டங்களுக்கு மேற்பட்டது என்று 1990இல் அசோகா மார்க்கெட்டிங் வழக்கில் அரசியல் சாசன அமர்வு தீர்ப்பளித்தது. அதன்பின் இத்தகைய கட்டடங்களிலிருந்து கடைக்காரர்களை வெளியேற்றுவது எளிதாயிற்று. வெளியேறிய கட்டடத்தில் ஒழுகலைக் கவனிக்க எவரும் இல்லை.

சிதைவின் வழி

ஆள் நீங்கிய கட்டடம் எவ்வாறு அழிகிறது என்பது பொறியியல் அறிக்கைகளில் ஒரு வரியாகச் சுருங்கிவிடுகிறது. அது சற்று விரித்துரைக்கத் தக்கது.

பத்தொன்பதாம் நூற்றாண்டுச் சென்னைக் கட்டடங்கள் செங்கல்லாலும் சுண்ணாம்புக் காரையாலும் ஆனவை. அவற்றில் பரவலாகக் காணப்படும் கூரை, மெட்ராஸ் டெரஸ் எனப்படுவது. சுவரிலிருந்து சுவருக்குத் தேக்கு உத்திரங்கள் செல்லும். அவற்றின்மேல் சிறு செங்கற்களைச் செங்குத்தாகக் குறுக்குவாட்டில் அடுக்கிச் சுண்ணாம்பால் பிணைப்பர். அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து இடித்துத் திமிசு செய்து, இறுதியில் தட்டோடு பதிப்பர். முறையாகப் பேணினால் இக்கூரை நூறாண்டைக் கடந்தும் நிற்கும். இதன் பலவீனம், உத்திரத்தின் முனை சுவருக்குள் புதைந்திருக்கும் இடம். தட்டோட்டின் இணைப்பில் ஏற்படும் விரிசலை ஒவ்வொரு கோடையிலும் அடைக்க வேண்டும். மழைநீர்க் குழாயில் சேரும் சருகை அகற்ற வேண்டும். இவ்விரண்டும் தவறினால் நீர் சுவரின் தலைப்பில் இறங்கி உத்திர முனையை மக்கச் செய்யும். நடுவில் உறுதியாகத் தோன்றும் உத்திரம் முனையில் பிடிப்பின்றித் தொங்கும்.

அடுத்து வருவது அரசங்கன்று. பறவை எச்சத்தில் வந்த விதை ஈரமான சுண்ணாம்புப் பூச்சில் எளிதில் வேர்பிடிக்கும். முதல் ஆண்டில் கையால் பிடுங்கி எறியலாம். பத்தாம் ஆண்டில் அதன் வேரே கற்களைப் பிரித்தும் பிடித்தும் நிற்கும். அப்போது மரத்தை வெட்டினாலும் சுவர் குலையும். சிமெண்டுப் பூச்சு இதற்கு மருந்தாகாது. சுண்ணாம்புச் சுவர் உள்ளீரத்தை வெளிவிட்டு உலர்வது. சிமெண்டு அதனை உள்ளேயே அடைத்துவிடும். பழைய கட்டடங்களில் நல்லெண்ணத்துடன் செய்யப்பட்ட பழுதுபார்ப்புகள் பல இவ்வாறே தீங்காய் முடிந்தன.

இவ்வழியில் எந்தக் கட்டத்தில் அறிக்கை எழுதப்படுகிறது என்பது முக்கியம். முதல் ஐந்தாண்டில் ஆய்வு செய்யும் பொறியாளர் பழுதுபார்க்கப் பரிந்துரைப்பார்; இருபதாம் ஆண்டில் வருபவர், அதே நேர்மையுடன், இடிக்கப் பரிந்துரைக்கக்கூடும். இருவர் கூற்றும் உண்மையே. இடைப்பட்ட பதினைந்து ஆண்டுகள் எந்த அறிக்கையிலும் இடம்பெறுவதில்லை.

2006 முதல் 2010 வரை

1990களின் பிற்பகுதியிலிருந்தே கட்டடம் பாதுகாப்பற்றது என்னும் நிலைப்பாடு வலுப்பெற்றுவந்தது. 2006இல் எல்.ஐ.சி. இடிப்பில் இறங்கியது. பணி தொடங்கிச் சில பகுதிகள் சிதைக்கப்பட்ட நிலையில், இந்தியக் கலை மற்றும் பண்பாட்டு மரபுரிமைக்கான தேசிய அறக்கட்டளை (இன்டாக்) சென்னை உயர் நீதிமன்றத்தில் பொதுநல வழக்குத் தொடர்ந்து தடையாணை பெற்றது.

மனுதாரர் தரப்பின் இடர்ப்பாடு வெளிப்படையானது. இடிப்பதற்கு உரிமையாளருக்குச் சட்டம் இருந்தது. காப்பதற்கு ஊராருக்குச் சட்டம் இல்லை. 1958ஆம் ஆண்டின் மத்தியத் தொல்சின்னச் சட்டம் மாமல்லபுரத்து மண்டபங்களையும் கடற்கரைக் கோயிலையும் சுற்றித் தடைசெய்யப்பட்ட எல்லை வகுத்துக் காக்கிறது. 1966ஆம் ஆண்டின் மாநிலச் சட்டம் மேலும் சிலவற்றைக் காக்கிறது. இரண்டும் பட்டியலில் ஏற்றப்பட்டவற்றுக்கே பொருந்தும். அரசியல் சாசனத்தின் 49ஆம் உறுப்பு தேசிய முக்கியத்துவம் வாய்ந்ததென அறிவிக்கப்பட்ட சின்னங்களைப் பேசுகிறது. 51-அ உறுப்பு கலப்புப் பண்பாட்டின் வளமான மரபைப் போற்றுவதைக் குடிமகனின் கடமையாகச் சொல்கிறது. கடைத்தெருக் கட்டடத்தின் இடிப்பைத் தடுக்கும் நேரடி ஆயுதம் அதில் இல்லை. விளம்பரப் பலகைகள் தொடர்பான வேறொரு வழக்கில் நீதிபதி இ. பத்மநாபன் குழு தயாரித்த மரபுக் கட்டடப் பட்டியலே அப்போது கையில் இருந்த ஆவணம். பலகைகளை அகற்றுவதற்காக எழுந்த ஒரு பட்டியல் கட்டடங்களைக் காக்கும் சான்றாக மாறியது, சட்டத்தில் இருந்த வெற்றிடத்தின் அளவைக் காட்டுகிறது.

2010 ஏப்ரல் 29 அன்று நீதிபதி பிரபா ஸ்ரீதேவன் இடம்பெற்ற அமர்வு தீர்ப்பளித்தது. எல்.ஐ.சி. கட்டடத்தை இடிக்கக்கூடாது, மரபுக் கட்டடப் பாதுகாப்புக் குழு அமைக்கப்பட வேண்டும், முறையான பட்டியல் உருவாகும் வரை பத்மநாபன் குழுப் பட்டியலில் உள்ளவை காக்கப்பட வேண்டும் என்பவை அதன் சாரம். சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமத்தின் கீழ் அக்குழு பின்னர் செயல்படத் தொடங்கியது. 2008இல் ஒப்புதல் பெற்ற இரண்டாம் முழுமைத் திட்டத்தின் விதிகளில் ஏட்டளவில் இருந்த மரபுப் பாதுகாப்பு, இத்தீர்ப்பால்தான் உயிர்பெற்றது.

ஒப்பிடத்தக்க நிகழ்வுகள்

இவ்வழக்குக்கு முன்னோடி ஒன்று உண்டு. மெரினா கடற்கரைச் சாலையில் 1839ஆம் ஆண்டைச் சேர்ந்த காவல்துறைத் தலைமையகத்தை இடித்துப் பல மாடிக் கட்டடம் எழுப்ப 1993இல் எழுந்த திட்டம், எதிர்ப்பாலும் வழக்காலும் கைவிடப்பட்டது. கட்டடம் புதுப்பிக்கப்பட்டு இன்றளவும் அலுவலகமாக உள்ளது. 2012 ஜனவரியில் சேப்பாக்கத்துக் கல்சா மகால் தீயில் எரிந்து, தீயணைப்பு அலுவலர் ஒருவர் உயிரிழந்தார். கூரை இழந்து சுவர்கள் மட்டும் நின்ற அதனைப் பொதுப்பணித் துறை சுண்ணாம்பு, தேக்கு முதலிய பழைய பொருள்களைக் கொண்டே மீட்டெடுத்தது. இடிபாட்டின் அளவு மட்டும் முடிவைத் தீர்மானிப்பதாயின், கல்சா மகாலே முதலில் இடிக்கப்பட்டிருக்க வேண்டும்.

மறுபக்கமும் உண்டு, மரபு ஆர்வலர்களின் எழுத்துகளில் அது போதிய இடம் பெறுவதில்லை. 2021 டிசம்பர் 27 அன்று திருவொற்றியூரில் 1993ஆம் ஆண்டைச் சேர்ந்த குடிசைமாற்று வாரியக் குடியிருப்பின் ஒரு தொகுதி சரிந்து விழுந்தது. விரிசலைக் கண்டு மக்கள் முன்னரே வெளியேறியதால் உயிரிழப்பு இல்லை. அதற்குப் பத்து நாள்களுக்கு முன் திருநெல்வேலியில் பள்ளிச் சுவர் இடிந்து மூன்று மாணவர்கள் இறந்தனர். மாநிலமெங்கும் பழுதடைந்த பள்ளிக் கட்டடங்களை இடிக்க அரசு விரைந்தது அதன் விளைவே. அவ்விரைவைக் குறைகூற இயலாது. 258ஆம் பிரிவின் 'இடித்துத் தள்ளுதல்' என்னும் வினைக்கும் உரிய இடம் இருக்கிறது.

ஆனால் வயதை ஆபத்துக்கு அளவுகோலாகக் கொள்வது பிழை என்பதையும் இந்நிகழ்வுகள் காட்டுகின்றன. திருவொற்றியூர்க் கட்டடத்திற்கு வயது இருபத்தெட்டு. 2014 ஜூன் 28 அன்று மௌலிவாக்கத்தில் சரிந்து 61 பேரைப் பலிகொண்ட பதினொரு மாடிக் கட்டடம் கட்டுமானத்திலேயே இருந்தது; எஞ்சி நின்ற அதன் இணைக்கட்டடத்தை வெடிவைத்துத் தகர்க்க 2016 நவம்பர் வரை ஆயிற்று.

தீர்ப்புக்குப் பின்

2010ஆம் ஆண்டுத் தீர்ப்பு ஒரு வினையைத் தடுத்தது. எஞ்சிய மூன்றையும் நிகழ்த்திக் காட்டும் வலிமை அதற்கு இருக்கவில்லை. தீர்ப்புக்குப் பத்தாண்டு கடந்தும் பாரத் இன்சூரன்ஸ் கட்டடத்தின் மறுசீரமைப்பு நிறைவுறவில்லை. சாலையில் செல்வோர் கண்டது மரங்கள் முளைத்த சுவர்களையே. இதற்கு எல்.ஐ.சி.யை மட்டும் பொறுப்பாக்குவது எளிது. ஆயினும் காப்பீட்டாளர்களின் பணத்தைக் காக்கும் நிறுவனம், வருவாய் தராத கட்டடத்தில் பெருந்தொகை செலவிட எந்த ஊக்கமும் சட்டம் தரவில்லை என்பதும் உண்மை. வரித்தளர்வோ, மனையின் கட்டுமான உரிமையை வேறிடத்திற்கு மாற்றிக்கொள்ளும் வாய்ப்போ முறையாக வழங்கப்பட்டிருந்தால் கணக்கு வேறாகியிருக்கலாம். 2012இல் சட்டமன்றம் நிறைவேற்றிய தமிழ்நாடு மரபுரிமை ஆணையச் சட்டமோ பத்தாண்டுக்கும் மேலாக நடைமுறைக்கு வராமலேயே கிடந்தது. அதே 2012இல் மெட்ரோ ரயில் பணிக்காகப் பி. ஆர் அண்ட் சன்ஸ் வளாகத்தின் ஒரு பகுதி இடிக்கப்பட்டு மீண்டும் வழக்கு எழுந்தது. குழு இருந்தும் அதனைக் கேளாமல் இடிப்பு நிகழ முடிந்தது.

இவ்வினாக்கள் இனி மவுண்ட் ரோட்டோடு நில்லா. அச்சாலையே கத்திப்பாராவுக்குப்பின் ஜி.எஸ்.டி. சாலையாகி வண்டலூர், ஊரப்பாக்கம், கூடுவாஞ்சேரி வழியாகச் செங்கல்பட்டை அடைகிறது. 1,189 சதுர கிலோமீட்டராக இருந்த சென்னைப் பெருநகர்ப் பகுதி 2022இல் 5,904 சதுர கிலோமீட்டராக விரிவாக்கப்பட்டபோது செங்கல்பட்டு மாவட்டத்தின் பெரும்பகுதிகள் அதனுள் வந்தன. ஊரப்பாக்கத்தில் பெரிதும் காணப்படுபவை அண்மைப் பத்தாண்டுகளின் கான்கிரீட் அடுக்ககங்கள். செங்கல்பட்டு நகரிலோ மெட்ராஸ் டெரஸ் கூரையுள்ள பழைய வீடுகளும் கடைகளும் சாலை விரிவாக்கத்தின் விளிம்பில் நிற்கின்றன. பத்மநாபன் குழுவின் பட்டியல் சென்னையின் கட்டடங்களைக் கருதி எழுதப்பட்டது. இவ்வூர்களுக்கு அதற்கு இணையான பட்டியல் தேவை. அது இடிப்பு அறிவிப்புகளுக்கு முன்னதாகத் தயாராக வேண்டும். அப்பட்டியலில் ஒவ்வொரு கட்டடத்தின் அருகிலும் கட்டப்பட்ட ஆண்டுடன், கடைசியாகப் பழுதுபார்க்கப்பட்ட ஆண்டும் குறிக்கப்படுமாயின், பாரத் இன்சூரன்ஸ் வழக்கில் எந்த ஆவணத்திலும் அகப்படாத அந்த இடைப்பட்ட ஆண்டுகள் அதிகாரியின் மேசைக்கு வந்து சேரும்.